கிள்ளான் ரயிலை நிறுத்திய போர்வை

1927-ஆம் வருஷம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ரயில் பிரிக்பீல்ட்ஸ் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிறீச்சென்று நின்றது. லைனில் மாடு இல்லை, மரம் இல்லை. கேட்டு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. கேட்மேன் ஸ்டானிஸ்லாஸ் பச்சைக் கொடியைப் பிடித்தபடி விதிப்படி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவருக்குப் பின்னால், அவர் குடியிருந்த ரயில்வே கோட்டர்ஸின் வேலியில், ஆறடி நீளத்துக்கு ஒரு சிவப்பு தொங்கியது. டிரைவர் செபாஸ்டியன் அதைப் பார்த்ததும் பிரேக்கைப் போட்டுவிட்டார். கார்டு இறங்கி நடந்து வந்து விசாரித்துத் திரும்பிப் போய் ரயில் மறுபடி நகரப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. முதல் வகுப்புப் பெட்டியில் வந்த பெரிய துரை ஒருவர் கையிலிருந்த தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டாராம். அந்தத் தேநீர் கொட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

வேலியில் தொங்கியது கொடி இல்லை. டொரத்தி தைத்த ஒட்டுப்போர்வை. கஞ்சித் தண்ணீரில் அலசி ஈரத்தோடு காயப் போட்டிருந்தாள்.

டொரத்தி ஸ்டானிஸ்லாஸின் மனைவி. அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. ஒரே மகள் டோரிஸைச் சிரம்பானில் கட்டிக்கொடுத்தாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் டொரத்தியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளை வாயாடி என்றார்கள். மீதிப் பேர் அவளிடம் போர்வை வாங்கியவர்கள். அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயாடி என்றார்கள்.

பழந்துணியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஒட்டிப் போர்வை தைக்கும் வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம், சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரைசானி வேண்டாத சாமான்களை வாசலில் போட்டுவிட்டுப் போனாள். மற்றப் பெண்கள் பீங்கான் தட்டுக்கு அடித்துக்கொண்டபோது, டொரத்தி ஓரமாகக் கிடந்த ஒரு பழைய போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து அதை ஒரு தையல் பாக்கி விடாமல் பிரித்துப் போட்டாள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முரட்டுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஓட்டுத்தையல். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று விரலுக்குத் தெரிந்ததும் நாலாம் நாள் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள். ஸ்டானிஸ்லாஸ் அன்றைக்கு, "நல்லா இருந்ததை ஏன் பிரிச்சே?" என்று கேட்டார். "உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம எப்படிங்க தைக்கிறது?" என்றாள்.

அவளுக்கென்று சில முறைகள் இருந்தன. துணியைக் கத்தரியால் வெட்ட மாட்டாள். ஓரத்தில் பல்லால் ஒரு கீறல் கொடுத்துக் கையால் கிழிப்பாள். வெட்டினால் கோணும், கிழித்தால் நூல் போகிற வழியே நேராகப் போகும். சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போடுவாள். எந்தத் துணியையும் ஈரத்தில் ஒரு தடவை, காய்ந்ததும் ஒரு தடவை பார்க்காமல் இன்னொன்றின் பக்கத்தில் வைக்க மாட்டாள். காய்ந்தால் வெளுத்துப் போய்க் கிடக்கிற துணிகூட நனைந்தால் பழைய நிறத்தைக் காட்டிவிடும் என்பாள். நடுவில் இலவம்பஞ்சு. அடிப்பக்கம் கோதுமை மாவுச் சாக்கு. சாக்கில் அச்சடித்த எழுத்தைச் சாம்பல் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பாள். ஆனாலும் முழுசாகப் போகாது. அவளுடைய போர்வையில் படுத்தெழுந்த பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ பேர், ஏதோ ஒரு மாவு ஆலையின் பெயரின் மேல் படுத்து வளர்ந்தவர்கள். தைத்து முடித்ததும் மெல்லிய கஞ்சியில் அலசி வெயிலில் போட வேண்டும். அப்போதுதான் தையல் இறுகும், பஞ்சு நகராது.

இந்த வெக்கை பிடித்த ஊரில் போர்வை எதற்கு என்று கேட்பவர்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்ததில்லை. கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்து லயவீடுகளில் விடிவதற்கு முன்னால் எழுந்து பாலுக்கு மரம் வெட்டப் போகிற பெண்ணிடம் கேட்டால் தெரியும். அங்கே வெறும் பலகைக் கட்டில்தான். போர்வையை விரித்தால் மெத்தை, போர்த்தினால் போர்வை, காய்ச்சல் வந்தால் அதுதான் வைத்தியர். அதனால் டொரத்திக்கு வேலை ஓய்ந்ததே இல்லை.

ரயில்வே குடும்பத்துக்கென்று இலவசப் பாஸ் உண்டு. மற்ற மனைவிமார் அதை வருஷத்துக்கு ஒரு தடவை, உறவுக்காரர் கல்யாணத்துக்கு எடுத்தார்கள். டொரத்தி விட்டால் வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பாள். வடக்கே சுங்கை பூலோ, மேற்கே கிள்ளான், அங்கிருந்து காப்பார் லைன். ரயில் போகாத தோட்டத்துக்கு மாட்டு வண்டி. மாட்டு வண்டியும் போகாத இடத்துக்கு நடை. பிரம்புக் கூடையில் முடித்த போர்வைகளைக் கொண்டுபோவாள், திரும்பும்போது பழைய சேலை, வேட்டி, சாக்கு என்று கூடை நிறைய வரும். புடவையைக் கொடுத்த பெண்ணுக்கு அந்தப் புடவையிலிருந்தே ஒரு சதுரம் அவள் போர்வையில் வந்து சேரும். அதில் மட்டும் கணக்குத் தவற மாட்டாள். கிள்ளானில் அழகம்மை ஆச்சி என்ற செட்டியார் வீட்டு அம்மாள் பட்டுத் துண்டுகளாகக் கொடுத்து ஒரு போர்வை தைக்கச் சொன்னார். ரயிலிலேயே உட்கார்ந்து பாதி தைத்தாள். பெட்டி குலுங்கக் குலுங்கத் தையல் கோணாமல் போடுகிறாளே என்று எதிரே இருந்த ஒரு மலாய்க்கார அம்மா பத்து தீகா ஸ்டேஷன் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

இதெல்லாம் சரி. அவளுக்கு ஆறாத எரிச்சல் ஒன்று இருந்தது. எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் ஊர் அதைப் போர்வை என்று சொல்லாது. "டொரத்தி, அந்தக் கந்தல் ஒண்ணு தச்சுக் கொடேன்" என்பார்கள். "ஒட்டு எப்ப வரும்?" என்பார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மா, இத்தனைக்கும் நல்ல மனுஷி, "பழந்துணி மூட்டை வந்துருச்சு" என்று ரயிலிறங்கி வருகிறவளை வரவேற்பாள். தேவாலயத்துக் குருவானவர்கூட ஒரு தடவை, ஏழைகளுக்குப் போர்த்த உங்கள் கந்தைகள் உதவும் என்று அன்பாகச் சொன்னார். டொரத்தி, "அது போர்வை சாமி" என்று திருத்தினாள். ஸ்டானிஸ்லாஸ் அன்றைக்கு ஞாயிறு முழுக்க அவளிடம் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. பதினெட்டு வருஷத்தில் ஊருக்கெல்லாம் தைத்தவள் வீட்டில் ஒரு ஒட்டுப்போர்வை கிடையாது. முதலில் தைத்ததை மாமியாருக்கு அனுப்பினாள். டோரிஸின் கல்யாணத்துக்குத் தைத்தது சிரம்பான் போயிற்று. மற்றதெல்லாம் விலைக்குப் போயிற்று. அவளும் ஸ்டானிஸ்லாஸும் மழை பெய்தால் ஆளுக்கு ஒரு பழைய கம்பளியில் சுருண்டுகொண்டார்கள்.

அந்த வருஷம் தை மாதத்தில் ரயில்வே ஸ்டோரில் கழிவுச் சாமான் ஏலம் போட்டார்கள். இரும்பு வாங்க வந்தவர்கள் நடுவில் டொரத்தி நின்று ஒரு சாக்கு மூட்டையை எடுத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் பழைய காக்கி உடுப்பும், சாயம் மங்கிப் போன சிவப்பு, பச்சைக் கொடிகளும். சிவப்புக் கொடி கொஞ்சம் வெளுத்தாலும் தூரத்திலிருந்து தெரியாது என்று ரயில்வேயில் உடனே கழித்துவிடுவார்கள். கழித்ததற்கு அடையாளமாக ஒரு மூலையில் வட்டமாகக் கருப்பு முத்திரை. சிவப்பென்று பேர்தானே தவிர, காய்ந்த செங்கல் தூள் மாதிரி இருந்தது. ஆனால் துணி நல்ல துணி. டொரத்தி தடவிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். இது யாருக்கும் இல்லை, எங்கள் வீட்டுக்கு.

இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் அறுபத்து நான்கு சிவப்புச் சதுரம், சுற்றிலும் காக்கிக் கரை, நாலு மூலைக்கும் பச்சை. கருப்பு முத்திரை இருந்த துண்டுகளை வேறொருத்தியாக இருந்தால் வெட்டி எறிந்திருப்பாள். துணியை எறிகிற பழக்கம் டொரத்திக்கு இல்லை. முத்திரையைத் தையலுக்குள் மடித்துவிட்டு மேலே சிவப்பு மட்டும் தெரிகிற மாதிரி தைத்தாள். முடித்த அன்று கஞ்சியில் அலசி வேலியில் போட்டாள். நனைந்த துணி தன் பழைய நிறத்தைக் காட்டியது. கேட்மேன் வீட்டு வேலியில், கேட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சிவப்பு தெரிந்தால் எந்த டிரைவர்தான் நிற்க மாட்டார்?

அன்று சாயந்திரமே செபாஸ்டியன் வந்தார். கோபத்தோடு வரவில்லை. அவருக்கு ஒரு குறையும் வராது, சிவப்பைப் பார்த்து நிறுத்தியவரை எந்த விதியும் கேள்வி கேட்காது. அவர் ஸ்டானிஸ்லாஸுக்காகத்தான் வந்தார்.

"அண்ணே, தேநீர் கொட்டின துரை மேலே எழுதிட்டாரு," என்றார். "ரெண்டு குற்றம். கவர்மெண்டு கொடியை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டீங்கன்னு ஒண்ணு. காரணமில்லாம சிவப்புக் காட்டினீங்கன்னு ஒண்ணு. முதல் குற்றம் நிரூபிச்சாங்கன்னா வேலை போயிரும்."

ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ். ஒரு நாள்கூடத் தாமதமாகக் கேட்டைச் சாத்தியதில்லை.

செபாஸ்டியன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு லா. லைன்ல எருமை நின்னுச்சுன்னு நான் எழுதிக் கொடுத்துடுறேன். அண்ணே கேட்டை விட்டு வர முடியாது, அதனால அக்கா கையில கிடைச்ச சிவப்பை எடுத்து ஆட்டி ரயிலை நிறுத்தினாங்கன்னு சொல்லிடுவோம். குற்றம் போயிரும். யார் கண்டா, மெடல்கூடக் கொடுப்பாங்க."

இராஜம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த எருமையை நானும் பார்த்தேன்!" என்று அங்கேயே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "கொம்பு இவ்வளவு நீளம்!"

ஸ்டானிஸ்லாஸின் முகத்தில் உயிர் வந்தது. அவர் டொரத்தியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் டொரத்தி.

"ஏன்டி?"

"எருமை வரல. நான் எதையும் ஆட்டல. போர்வையைக் காயப் போட்டேன்."

"ஒரே ஒரு பொய். யாருக்கும் கெடுதல் இல்ல."

"எனக்குக் கெடுதல். கொடியா ஆட்டினேன்னு ஒத்துக்கிட்டா அது கொடிதான்னு ஆயிடும். கொடின்னா ரயில்வேது. எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பதினெட்டு வருஷம் கந்தல்னு சொன்னாங்க, ஒட்டுன்னு சொன்னாங்க, மூட்டைன்னு சொன்னாங்க. இன்னைக்குக் கொடின்னு நானே என் வாயால சொல்லணுமா? முடியாது."

செபாஸ்டியன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது ஸ்டானிஸ்லாஸின் தோளைத் தட்டினார். துக்க வீட்டில் தட்டுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த பேச்சை முழுசாக எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்டானிஸ்லாஸ் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் கோழையல்ல, ஒழுங்கான மனிதர். மேலதிகாரி சொன்னால் செய்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அந்த வீடு, தேவாலயப் பாடகர் குழு, சாயந்திரம் சீட்டாடும் நாலு சிநேகிதர்கள், எல்லாம் அந்த வேலையோடு வந்தவை. ஒரு போர்வைக்காக அத்தனையும் போக வேண்டுமா என்று கேட்டார். டொரத்திக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

விசாரணைக்கு ஸ்டானிஸ்லாஸை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். டொரத்தி போர்வையை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆபீஸ் வாசலில் கிரிகரி என்ற கிராணி மறித்தார். குமாஸ்தா வேலையோடு துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவரும் அவர்தான்.

"அக்கா, பொம்பளைங்களுக்கு உள்ளே வேலை இல்ல. வீட்டுக்குப் போங்க."

"ரயிலை நிறுத்தினது அவரா? என் போர்வை. போர்வையை விசாரிக்காம என்ன விசாரணை?"

"துரை கோவப்படுவார் லா."

"படட்டும். தேநீர் கொட்டினது இவர் சட்டையிலா?"

கிரிகரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறிக்க முடியவில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டர் துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார். நடுத்தர வயது, வெயிலில் சிவந்த கழுத்து. கூடையோடு வந்தவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். டொரத்தி யாரும் சொல்லாமலே போர்வையை எடுத்து மேஜை மேல் விரித்தாள். மைக்கூடு, காகிதம் எல்லாம் அடியில் போயின. துரை போர்வையைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இதுவா?" என்று இங்கிலீஷில் கேட்டார். காய்ந்த போர்வை பழைய செங்கல் தூள் நிறத்தில் சாதுவாகக் கிடந்தது.

கிரிகரி அலமாரியிலிருந்து ஒரு புதுச் சிவப்புக் கொடியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் அக்காள் தங்கை என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஈரத்துல சிவக்கும்," என்றாள் டொரத்தி. "அதை நான் மறைக்கல. சாக்குப் பக்கத்தை லைனைப் பார்த்துப் போட்டிருக்கணும், அவசரத்துல திருப்பிப் போட்டுட்டேன். அந்த ஒரு தப்பு என்னுது. அதைத் துரைகிட்ட சொல்லுங்க தம்பி."

கிரிகரி சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு, துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கேட்மேன் வீட்டில் கொடித்துணி வந்தால் வேறெங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

டொரத்தி முந்தானையில் முடிந்துவைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். துரை நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. காக்கிக் கரையை ஒட்டிய ஒரு சிவப்புச் சதுரத்தின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். இரண்டு மாதம் இழை இழையாகப் போட்ட தையல். கத்தி நுனியைக் கொடுத்துப் பிரித்தாள். உள்ளே மடித்திருந்த துணியை இழுத்து வெளியே திருப்பினாள். வட்டமாக, கருப்பாக, முத்திரை.

"இது என்னன்னு கேளுங்க தம்பி."

கேட்க வேண்டியிருக்கவில்லை. துரைக்கே தெரிந்தது.

"கழிச்ச கொடி. ஏலத்துல வாங்கினேன். இந்த மாதிரி கொடிக்கு ஒண்ணு உள்ளே இருக்கு, வேணும்னா அறுபத்து நாலு சதுரத்தையும் பிரிக்கிறேன். இது சிவப்பு இல்ல, உதவாதுன்னு முத்திரை குத்தி வித்தது நீங்க. இப்ப சிவப்புதான்னு சொல்லி விசாரிக்கிறதும் நீங்க. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

கிரிகரி இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. கொஞ்சம் மெதுவாக்கித்தான் சொல்லியிருப்பார். ஆனால் துரை முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேனாவை எடுத்து முதல் குற்றத்தின் மேல் ஒரு கோடு போட்டார். இரண்டாவதன் மேல் பேனா நின்றது. பிறகு ஏதோ சொன்னார்.

"குற்றம் எதுவும் இல்லன்னு எழுதுறாராம்," என்றார் கிரிகரி. "ஆனா லைன் ஓரத்துல இந்தத் துணி இருக்கக் கூடாதாம். சிவப்பை மட்டும் பிரிச்சு இங்கே கொடுத்துட்டுப் போகணுமாம், எரிச்சிடுவாங்க. கொடுக்கலன்னா அந்தக் கோட்டர்ஸ்ல உங்களை வச்சிருக்க முடியாதாம்."

"கொடுத்திடுவா சார், பிரிச்சுக் கொடுத்திடுவா," என்றார் ஸ்டானிஸ்லாஸ். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

டொரத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. நடுவில் இருக்கிற சிவப்பைப் பிரித்தால் மிச்சம் என்ன? காக்கிக் கரையும் நாலு பச்சை மூலையும். வேலை தப்பியாகிவிட்டது, திருட்டுப் பட்டம் போயாகிவிட்டது. இனி எடுத்துக்கொள்ள நினைப்பது அவளுடையதை மட்டும்தான்.

கான்வெண்டில் மூன்றாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. கிரிகரியை விட்டுவிட்டு நேராகத் துரையைப் பார்த்துச் சொன்னாள். "நாட் ஃபிளாக், சார். பிளாங்கெட். மை பிளாங்கெட்."

சொல்லிவிட்டுப் போர்வையை மடித்துக் கூடையில் வைத்தாள். மைக்கூட்டை எடுத்து இருந்த இடத்தில் நேராக வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

சொன்னதைத் துரை செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. காப்பார் லைனில், கிள்ளானுக்கு அப்பால், தென்னையும் சதுப்பும் சூழ்ந்த ஒரு ஒற்றைக் கேட்டு. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாமான் ஏற்றினார்கள். பாடகர் குழுவில் அந்த வருஷம் ஸ்டானிஸ்லாஸின் கனத்த குரல் இல்லாமலே ஈஸ்டர் பாஸ்கா பாடினார்கள். இராஜம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும், "ஒரு எருமை, ஒரே ஒரு எருமையைச் சொல்லியிருந்தா..." என்றாள். டொரத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். தான் செய்தது தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் ரயில் நகர்ந்தபோது அந்த வேலி மறைகிற வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் கிள்ளான் வரைக்கும் பேசவில்லை. புது வீட்டிலும் பேசவில்லை. வீடென்று சொல்ல ஒரு அறை, மேலே தகரம், சாயந்திரமானால் கொசு. பசியாறக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், கேட்டுக்குப் போய்விடுவார். ஒன்பது நாள். டொரத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். பிரித்த ஓரத்தை அந்த ஒன்பது நாளில் திரும்பத் தைத்தாள். முத்திரையை உள்ளே மடிக்கவில்லை. வெளியே தெரிகிற மாதிரி, கரைக்குப் பக்கத்தில், சட்டைப் பையில் பேர் தைப்பது போல வைத்துத் தைத்தாள். யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

பத்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சதுப்புக் காய்ச்சல். பல் தந்தியடித்தது, கட்டிலே ஆடியது. டொரத்தி இரண்டு கம்பளியையும் போட்டாள், நடுக்கம் நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒட்டுப்போர்வையை எடுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்தி, இரண்டு பக்கமும் செருகிவிட்டாள். ரயில் வந்தபோதெல்லாம் அவளே ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினாள், அவருடைய கொடியைப் பிடித்தாள். நாலாம் நாள் வேர்த்தது. போர்வை தொப்பலாக நனைந்திருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது.

கண்ணைத் திறந்தவர் கொஞ்ச நேரம் போர்வையின் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முத்திரை மேல் விரல் நின்றது. "வெளியே தச்சிட்டியா?" என்று கேட்டார். புது வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாம்," என்றாள்.

மறுநாள் போர்வையை அலசிக் கேட்டு வேலியில் போட்டாள். இந்தத் தடவை கவனமாக, சாக்குப் பக்கம் லைனைப் பார்க்க, சிவப்புப் பக்கம் வீட்டைப் பார்க்க. உள்ளே வந்து ஒரு தோட்டத்துப் பெண்ணின் போர்வைக்குத் துணி கிழிக்க உட்கார்ந்தாள். ஸ்டானிஸ்லாஸ் இன்னும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

லைன் பார்க்கும் மேஸ்திரி நாகையா டிராலியில் வந்தார். அந்த வட்டாரத்தில் அவர் வார்த்தைதான் சட்டம். பிரிக்பீல்ட்ஸ் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. காற்று போர்வையின் ஒரு முனையைத் தூக்க, அடியில் ஈரச் சிவப்பு ஒரு சாண் தெரிந்தது. போதாதா?

"யோவ் ஸ்டானிஸ்லாஸ்!" என்று டிராலியிலிருந்தே கத்தினார். "ஒரு தடவை பட்டது பத்தாதா? லைன் ஓரத்துல என்னய்யா சிவப்புக் கொடி? எடுய்யா முதல்ல!"

டொரத்தி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். போய் எடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தாள். அவளுக்கு அன்று அலுப்பாக இருந்தது. இந்த மனுஷனை இன்னொரு தடவை சோதிக்க வேண்டாம் என்று நினைத்தாள். வாசல் வரை வந்தவள் நின்றாள்.

ஸ்டானிஸ்லாஸ் முக்காலியை விட்டு எழுந்திருந்தார். வேலிக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நின்றார்.

"அது கொடி இல்ல, மேஸ்திரி," என்றார். "போர்வை. என் வீட்டுக்காரி தச்சது. முத்திரை இருக்கு, வேணும்னா வந்து பாருங்க."

"துரைக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். காஞ்சதும் எடுத்துக்குவா."

நாகையா போர்வையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு டிராலிக்காரனைத் தள்ளச் சொன்னார். சக்கரச் சத்தம் தென்னைகளுக்குள் போய் மறைந்தது. டொரத்தி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். பிரிக்பீல்ட்ஸை விட்டு வந்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள். ஸ்டானிஸ்லாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றில் விலகிய முனையைப் பிடித்து இழுத்து, சாக்குப் பக்கம் வெளியே வர நேராக்கிவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு வெயில் மந்தம். போர்வை காயப் பகல் மூன்று மணி ஆயிற்று.